லொறிச் சாரதியும் ஊழும்

சைவ சமயம் ஊழை ஏற்கிறது. ஒருவர் நுகரும் இன்பமும் துன்பமும் அவர் முன்செய்த வினையின் பயன் என்பது அதன் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. உயிர்க்கொலை கூடாது என்பதும் அதே சமயம் விதிக்கும் கடமை. பல தொன் எடையுள்ள லொறியைப் பொதுவீதியில் ஓட்டும் தொழிலுக்குப் புதிதாக வருபவரிடத்தில் இவ்விரு கொள்கைகளும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. ஒரு சாரதியின் கையால் இன்னோர் உயிர் போகுமானால், அது போனவரின் வினைப்பயனா, ஓட்டியவரின் குற்றமா? எல்லாம் முன்னமே விதிக்கப்பட்டிருந்தால் கவனமாக ஓட்டுவதற்கு என்ன பொருள்? வேண்டுதல் காக்கும் என்றால் எதிலிருந்து காக்கும்?

இக்கேள்விகளை ஆராய யாழ்ப்பாணக் குடாநாட்டின் கோப்பாய் பொருத்தமான இடம். சைவசித்தாந்தக் கல்வியில் ஊறிய ஊர் அது. 19ஆம் நூற்றாண்டில் தமிழகம் சென்று சைவமும் தமிழும் பரப்பிய சபாபதி நாவலர், வடகோவை எனப்படும் கோப்பாய் வடக்கில் பிறந்தவர். தோட்ட விளைச்சலை ஏற்றிக்கொண்டு நெடுந்தூர லொறிகள் தெற்கே புறப்படும் பகுதியும் அதுவே.

தொழிலும் வீதியும்

கோப்பாய் யாழ்ப்பாணம்–பருத்தித்துறை வீதியில் இருபாலைக்கும் நீர்வேலிக்கும் இடையில் அமைந்த செம்மண் நிலம். வலிகாமம் கிழக்கின் வெங்காயமும் மரக்கறியும் நீர்வேலி வாழைக்குலைகளும் லொறிகளில் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போகின்றன. கோப்பாய்–கைதடி வீதி கடல்நீரேரியைக் கடந்து ஏ9 நெடுஞ்சாலையில் சேர்கிறது. அங்கிருந்து சாவகச்சேரி, ஆனையிறவு, கிளிநொச்சி, முறிகண்டி, மாங்குளம், வவுனியா, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என வழி நீள்கிறது.

லொறிக் கம்பனிக்குப் புதிதாக வருபவர் பெரும்பாலும் கிளீனராகவே தொடங்குகிறார். படங்கு இழுத்துக் கட்டுவது, பாரத்தைச் சமமாக அடுக்குவது, ரயரில் காற்றுப் பார்ப்பது, பின்னால் நின்று வழி சொல்வது ஆகியவற்றை மூத்த சாரதியிடம் பழகுகிறார். கனரக வாகன அனுமதிப்பத்திரத்துக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழும் வேண்டும். இவை முடிந்து முதலாளி சாவியைக் கையில் கொடுக்கும் நாளில் அவர் நிலை மாறுகிறது. அதுவரை ஓட்டத்தின் பொறுப்பு இன்னொருவருடையது, இனி அவருடையது.

அந்தப் பொறுப்பின் அளவை எண்களில் காணலாம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் லொறி ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் கடக்கிறது. பிறேக்கில் கால் வைக்கும் முன்னரே அத்தனை தூரம் போய்விடலாம். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது. மரக்கறி வாடாமல் சந்தை சேர வேண்டும் என்பதால் ஓட்டம் பெரும்பாலும் இரவில். மனித உடலின் விழிப்பு மிகக் குறையும் நேரமோ விடியலுக்கு முந்திய சில மணித்தியாலங்கள். வன்னிப் பகுதியில் கட்டாக்காலி மாடுகள் இரவில் வீதியில் படுத்துக்கிடக்கும். இலங்கையில் அண்மைய ஆண்டுகளில் வீதி விபத்தில் இறப்போர் ஆண்டொன்றுக்கு 2,000 பேருக்கு மேல். இவற்றில் எதுவும் மறைபொருள் அல்ல, முன்கூட்டியே அறியக்கூடியவை. ஊழைப் பற்றிய ஆராய்ச்சி, அறியக்கூடியவற்றை முதலில் பிரித்தெடுத்த பின்னரே தொடங்க வேண்டும்.

தேசிக்காயும் தேங்காயும்

புதிய சாரதியின் முதல் ஓட்டம் சடங்கோடு தொடங்குகிறது. நல்ல நாளும் நேரமும் பார்த்து, வாகனத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாவிலை கட்டி, சில்லுகளின் கீழ் தேசிக்காய் வைத்து நசித்தபடி லொறி படலையைத் தாண்டும். நவராத்திரி முடிவில் ஆயுதபூசையன்று லொறி மீண்டும் அலங்கரிக்கப்படும். மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் ஏ9 ஓரமாக இருக்கும் முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டிப் போகிறவர்கள் நிறுத்திக் கும்பிட்டே போவது வழக்கம். கற்பூரம் கொளுத்தி, தேங்காய் அடித்து, திருநீறு பூசிக்கொண்டு மீண்டும் ஏறுகிறார்கள். புதிய சாரதிக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கிளீனராக இருந்த காலத்திலேயே அவர் கையில் தேங்காய் கொடுக்கப்பட்டிருக்கும்.

இச்சடங்கை இரு வகையில் விளங்கலாம். முதலாவது, அதைக் காப்புறுதியாகக் கொள்வது: தேங்காய் அடித்தாயிற்று, இனிப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார். இரண்டாவது, அதை உறுதிமொழியாகக் கொள்வது: இறைவன் முன் நின்று, இந்த வழியில் எவருக்கும் தன்னால் தீங்கு வராது என்று ஏற்றுக்கொள்வது. வெளிச் செயல் இரண்டிலும் ஒன்றே. பின்வரும் ஒழுக்கம் வேறு. காப்புறுதியாக எண்ணுபவருக்குக் கும்பிட்டதோடு கடமை முடிகிறது. உறுதிமொழியாக எண்ணுபவருக்கு அங்கேதான் தொடங்குகிறது.

சைவ மரபு இரண்டாவது விளக்கத்தையே ஆதரிக்கிறது. தேங்காய் உடைப்பதற்குச் சமயநூலார் தரும் பொருள், ஆணவமாகிய கோது உடைந்து உள்ளிருக்கும் வெண்மை வெளிப்படுவது. ‘எனக்கு ஒன்றும் நேராது’ என்ற எண்ணமே வீதியில் ஆணவம் எடுக்கும் முதல் வடிவம். அதை உடைத்துவிட்டு ஏறுபவர் மெதுவாகவே ஓட்டுவார். ஏனைய சமயங்களும் இதையே சொல்கின்றன. ஒட்டகத்தைக் கட்டாமல் இறைவனை நம்பி விட்டுவிடலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டிவிட்டு நம்பும்படி நபிகள் நாயகம் சொன்னதாக இசுலாமிய மரபு கூறுகிறது. நம்பிக்கை கைகளுக்கு ஓய்வு தருவதில்லை என்பதில் இந்நாட்டின் வெவ்வேறு சமயச் சாரதிகள் ஒரே இடத்தில் நிற்கிறார்கள்.

சித்தாந்தத்தில் இரு கணக்குகள்

மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களில் சைவசித்தாந்தத்தை வகுத்தது. அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் அதை விரித்தார். சித்தியாருக்கு உரை கண்டோருள் ஒருவர் கோப்பாய்க்கு அண்மையிலுள்ள திருநெல்வேலியைச் சேர்ந்த ஞானப்பிரகாச முனிவர். வினை பற்றிய இம்மரபின் விளக்கம் சாரதியின் கேள்விக்கு நேரடியான விடை தருகிறது.

வினை மூவகைப்படும். பல பிறவிகளில் ஈட்டித் தொகுத்து வைக்கப்பட்டது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென வந்தது பிராரத்தம். ஊழ் என்று வழங்குவது இது. பிராரத்தத்தை நுகரும்போதே ‘யான், எனது’ என்னும் முனைப்பால் புதிதாக ஏறுவது ஆகாமியம். வினை அறிவற்றது, தானாக ஒருவரைத் தேடிச் சேராது. அவரவர் வினைப்பயனை அவரவருக்குக் கூட்டுவிப்பவன் இறைவன்.

இதன்படி ஒரு விபத்தில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. அடிபட்டவர் நுகர்ந்தது அவருடைய பிராரத்தம் என்று சித்தாந்தம் சொல்லும். ஓட்டியவர் தூக்கக் கண்ணோடு ஓட்டினார், கண்ணாடி பார்க்காமல் திருப்பினார் என்றால், அது அவருடைய ஆகாமியம். முதற்கணக்கு இரண்டாவதைத் தள்ளுபடி செய்யாது. அடிபட்டவருக்கு அந்தத் துன்பம் வரவேண்டியிருந்தது என்று வைத்துக்கொண்டாலும், அதற்குக் கருவியாகத் தன்னைக் கொடுத்தது சாரதியின் அசட்டை. அந்த அசட்டைக்கு அவரே உரியவர். பிறருக்குரிய வினைப்பயனை ஊட்டும் அதிகாரம் இறைவனுக்கு மட்டுமே உண்டு. அந்த அதிகாரத்தை ஒரு மனிதர் தன் பிழைக்குச் சாட்டாக எடுத்துக்கொள்வது சித்தாந்தத்துக்கு முரணானது.

இங்கிருந்து ஒரு தெளிவான விதி பெறப்படுகிறது. ஊழ் என்னும் சொல் துன்பப்பட்டவர் தன் துன்பத்தைத் தாங்கிக்கொள்ளச் சொல்வதற்கு உரியது. துன்பம் கொடுத்தவர் சொல்வதற்கு உரியதன்று. பிள்ளையை இழந்த தாய் ‘விதி’ என்று சொல்லித் தேறலாம். அதே சொல்லை, மோதிய லொறியிலிருந்து இறங்குபவர் சொல்லக்கூடாது. யாழ்ப்பாணத்தில் இந்த வேறுபாடு மிக முக்கியமானது. தம் பிழை ஏதுமின்றிப் போரில் உறவுகளை இழந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இங்கே ஊழ் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டே வாழ்வைத் தொடர்ந்தன. அவ்வளவு வலியில் ஊன்றிய ஒரு சொல்லை, ஆறு மணித்தியாலம் தூங்கியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய விபத்துக்கு எடுத்துக் கொடுப்பது அதைச் சிறுமைப்படுத்துவதாகும்.

வள்ளுவர் வைத்த ஒழுங்கு

திருக்குறளில் ஊழ் 38ஆம் அதிகாரம். அறத்துப்பாலின் இறுதி அதிகாரமும் அதுவே. ஊழைவிட வலிமையானது வேறில்லை என்று அது முடிகிறது. அடுத்து வரும் பொருட்பாலில், உலகில் தொழில் செய்து வாழும் பகுதியில், 62ஆம் அதிகாரமாக ஆள்வினையுடைமை வருகிறது. சோர்வின்றி முயல்பவர் ஊழையும் புறங்காண்பர் என்று அது முடிகிறது. இவற்றை முரண்பாடு என்று கருதுவோர் உளர். இரண்டும் சொல்லப்படும் இடத்தைப் பார்த்தால் முரண் இல்லை. நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்ப்பவருக்கு ஊழ் பேசப்படுகிறது. இனிச் செய்ய வேண்டியதை முன்னோக்குபவருக்கு முயற்சி பேசப்படுகிறது. சாரதி தொழில் முழுவதும் முன்னோக்குவது. ஆகவே சாவி கையில் இருக்கும்வரை அவருக்குரிய அதிகாரம் 62ஆவது.

அவருக்கு இன்னும் நெருக்கமான அதிகாரம் ஒன்று உண்டு: 54ஆவது அதிகாரமாகிய பொச்சாவாமை. பொச்சாப்பு என்பது மகிழ்ச்சியிலோ மெத்தனத்திலோ கடமையை மறந்து நிற்கும் சோர்வு. அளவு கடந்த சினத்தைவிட, களிப்பில் வரும் மறதி தீயது என்று வள்ளுவர் தொடங்குகிறார். வருமுன் காவாதவர் வந்தபின் தன் பிழையை நினைந்து வருந்துவார் என்றும் சொல்கிறார். புதிய சாரதி பற்றிய பொதுவான எண்ணத்தை இவ்வதிகாரம் திருத்துகிறது. முதல் ஓட்டமே ஆபத்தானது என்று வீட்டார் அஞ்சுவர். ஆனால் முதல் ஓட்டத்தில் பயம் இருக்கிறது. பயம் கண்ணைத் திறந்து வைக்கும். கியரும் ஸ்டியரிங்கும் கைக்குப் பழகி, வழி மனப்பாடமாகி, தொலைபேசியை எடுத்துப் பேசலாம் என்று தோன்றும் காலமே பொச்சாப்பின் காலம். புதியவர் கற்க வேண்டிய கடினமான பாடம், பழகிய பின்னும் முதல் நாளின் கவனத்தை இழக்காமல் வைத்திருப்பது.

முடிந்த காரியம் என்ற வாக்கு

நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமிகளும், அவர் சீடர் கொழும்புத்துறை யோகர் சுவாமிகளும் (1872–1964) யாழ்ப்பாணச் சைவர்களின் மனத்தில் ஆழப் பதிந்தவர்கள். எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது என்ற பொருள்பட அவர்கள் வழங்கிய மகாவாக்கியத்தை இப்பகுதியில் அறியாதவர் அரிது. அது லொறிக் கண்ணாடிக்குப் பின்னால் எழுதப்படும்போது, முயற்சிக்கு இடமில்லை என்று சிலர் பொருள் கொள்ளலாம்.

அவ்வாறு கொள்வது வாக்கியத்தைச் சொன்னவர்களின் நிலையைக் கணக்கில் எடுக்காதது. ‘நான் செய்கிறேன்’ என்ற முனைப்பு முற்றாக அடங்கிய நிலையில் நின்று அவர்கள் பேசினார்கள். அந்த நிலையில் பெருமையும் இல்லை, பழியும் இல்லை. ‘என் ஓட்டம், என் சம்பளம், என் திறமை’ என்று சொல்லும் நிலையில் இருப்பவர், பிழையை மட்டும் தனதன்று என்று ஒதுக்க முடியாது. முனைப்பு உள்ளவரை ஆகாமியமும் உண்டு என்பதே சித்தாந்தத்தின் முடிவு. சாதாரண சாரதிக்கு அவ்வாக்கியம் தரக்கூடிய பயன் வேறு: கடமையை முழுதும் செய்துவிட்டவர், வரப்போவதை எண்ணிப் பதறாமல் அமைதியாக இருக்கலாம். அமைதியான மனம் நன்றாக ஓட்டும்.

அறியாது நேர்ந்த தீங்கு

கவனமாக ஓட்டியும் தீங்கு நேரலாம். எந்த அறவியலுக்கும் இதுவே மிகக் கடினமான இடம். தமிழ் மரபிலும் இலங்கை மரபிலும் இதற்கான வழக்கு ஒன்று இருக்கிறது. அது ஒரு வீதி விபத்து.

12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம் திருவாரூரின் சிறப்பைக் கூறுமிடத்தில் மனுநீதிச் சோழனின் வரலாற்றைச் சொல்கிறது. இளவரசன் தேரில் வரும்போது துள்ளி ஓடிய கன்று ஒன்று சில்லில் அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு அரண்மனை மணியை அசைத்தது. பரிகாரம் செய்தால் போதும் என்று அமைச்சர்கள் சொன்னார்கள். கொன்றவன் தன் மகன் என்பதால் பரிகாரம், வேறொருவன் என்றால் தண்டனையா என்று அரசன் மறுத்து, மகனைத் தேர்க்காலில் இட்டான். இறைவன் தோன்றிக் கன்றையும் மகனையும் மீட்டான் என்று வரலாறு முடிகிறது.

அநுராதபுரத்தை 44 ஆண்டுகள் ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளன் மீதும் மகாவம்சம் இதே நிகழ்வைச் சொல்கிறது. அதோடு இன்னொன்றையும் அந்நூல் சேர்க்கிறது. எல்லாளன் மிகிந்தலை மலைக்குத் தேரில் போனபோது தேரின் நுகம் பட்டு ஒரு தாதுகோபம் சேதமடைந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. இருந்தும் அரசன் இறங்கி, வீதியில் படுத்து, தன் தலையையும் சில்லால் அறுக்கும்படி சொன்னான். பிறருக்குத் தீங்கு செய்வதைப் புத்தர் விரும்புவதில்லை, தாதுகோபத்தைத் திருத்திக் கொடுத்தால் போதும் என்று அமைச்சர்கள் விடையளித்தார்கள். பெயர்ந்த 15 கற்களை மீண்டும் பதிக்க அவன் 15,000 கஹாபணம் செலவிட்டான். கோப்பாயிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் லொறிகள் அந்த மிகிந்தலையைத் தாண்டியே போகின்றன.

இவ்விரு வரலாறுகளும் மூன்று விடயங்களை நிறுவுகின்றன. எண்ணம் இல்லாவிட்டாலும் தீங்குக்கும் ஓட்டியவருக்கும் உள்ள தொடர்பு அறுவதில்லை. எல்லாளன் ‘தெரியாமல் நடந்தது’ என்று சொல்லித் தேரில் ஏறிப் போகவில்லை. பரிகாரச் சடங்கு பாதிக்கப்பட்டவருக்குச் செய்ய வேண்டியதற்கு ஈடாகாது. எண்ணமற்ற தீங்குக்கு ஏற்ற விடை, மிகிந்தலை நிகழ்வு காட்டுவதுபோல், உயிருக்கு உயிர் வாங்குவதைவிட, சிதைந்ததைத் திருத்துவது. எண்ணமே வினை என்ற பௌத்தக் கொள்கை இங்கே தண்டனையைக் குறைக்கிறது, பொறுப்பைக் குறைக்கவில்லை.

நவீன மெய்யியலும் இதே எடுத்துக்காட்டைக் கையாண்டது. பிரித்தானிய மெய்யியலாளர் பேர்னாட் வில்லியம்ஸ் 1976இல் அறமும் தற்செயலும் பற்றி எழுதியபோது, தன் தவறு ஏதுமின்றிப் பிள்ளை ஒன்றை மோதிவிட்ட லொறிச் சாரதியையே முன்வைத்தார். அருகில் நின்று பார்த்தவரின் வருத்தமும் அச்சாரதியின் வருத்தமும் ஒன்றல்ல. ஓட்டியவர் எளிதில் ஆறிவிட்டால் மற்றவர்களுக்கு அது நெருடும் என்றார் அவர். அவருக்கு மறுமொழி எழுதிய அமெரிக்கர் தோமஸ் நேகல், பிறேக்கைப் பரிசோதிக்கத் தவறிய சாரதியைக் காட்டினார். பிள்ளை குறுக்கே வராவிட்டால் அவர் மீது சிறு குறை, வந்தால் பெரும்பழி. அசட்டை இரண்டிலும் ஒன்றே. சித்தாந்தம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது: பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும், பிறேக்கைப் பார்க்காத அந்தக் காலையிலேயே ஆகாமியம் ஏறிவிட்டது. ஒன்றும் நேராமல் வீடு திரும்பிய நாள் பிழையற்ற நாள் என்று ஆகிவிடாது.

சட்டம் இதில் ஒரு பகுதியைத் தன் வழியில் ஏற்கிறது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு, கவனயீனத்தால் மரணம் விளைவிப்பதை ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. கொல்லும் எண்ணம் இருந்ததா என்று அது கேட்பதில்லை; கவனம் இருந்ததா என்று கேட்கிறது. அப்பிரிவின் எல்லை மரணம் நேர்ந்த பின்னரே தொடங்குகிறது. அதற்கு முந்திய நாட்களைக் கேட்பது சமயம்.

முதலாளியின் பங்கு

வினை செய்பவரோடு நின்றுவிடுவதில்லை. செய்தவர், செய்வித்தவர், உடன்பட்டவர் ஆகிய மூவரும் வினைப்பயனுக்கு உரியவர் என்பது தமிழகச் சமயங்கள் பலவற்றுக்கும் பொதுவான கொள்கை. தேய்ந்த ரயரோடு லொறியை அனுப்புபவர், அளவுக்கு மேல் பாரம் ஏற்றச் சொல்பவர், முதல்நாள் ஓட்டம் முடித்து வந்தவரை அன்றிரவே மீண்டும் ஏற்றுபவர் ஆகியோர் செய்வித்தவர்கள். சரக்கு விடியுமுன் வந்தே ஆகவேண்டும் என்று நெருக்கும் வியாபாரி உடன்பட்டவர். புதிதாக வேலைக்கு வந்தவரால் ‘ஏலாது’ என்று சொல்வது கடினம். வேலை போய்விடும் என்ற அச்சம் அவருக்கு உண்டு. ஆகவே புதியவரின் பிழையில் முதலாளியின் பங்கு, அனுபவசாலியின் பிழையில் இருப்பதைவிடப் பெரியது.

சித்தியாருக்கு உரை கண்ட திருநெல்வேலி ஞானப்பிரகாசரைப் பற்றிய மரபு இங்கே பொருந்துகிறது. போர்த்துக்கேயர் ஆட்சியில் வீட்டுக்கு ஒரு பசுவை உணவுக்குக் கொடுக்க வேண்டும் என்று கட்டளை வந்தபோது, தன் முறை வருமுன் அவர் ஊரை விட்டு நீங்கி இந்தியா போனார் என்பர். கொல்லப்போவது அவர் கை அல்ல. கொலைக்குக் கொடுப்பதும் தன் வினையாகும் என்று கருதியே அவர் நீங்கினார். சாவி கொடுப்பவரும் ஓட்டம் கேட்பவரும் தம்மை அந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

தொகுப்பு

புதிய சாரதிக்குச் சைவ மரபு தரும் அறம் நான்கு கூறுகளில் அடங்கும். புறப்படுமுன் செய்யும் வழிபாடு அவரைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதில்லை. பொறுப்பை இறைவன் முன் ஏற்கச் செய்கிறது. ஓடும்போது அவருக்குரிய அறம் பொச்சாவாமை. தூக்கம், மது, அவசரம், தொலைபேசி ஆகியவற்றை விலக்குவதே அதன் நடைமுறை. தீங்கு நேர்ந்தால் ஊழைச் சாட்டாமல் இறங்கி நிற்பதும், காயப்பட்டவரை வைத்தியசாலையில் சேர்ப்பதும், உண்மை சொல்வதும், இயன்ற ஈட்டைச் செய்வதும் கடமை. எல்லாம் செய்த பின்னும் மனத்தில் எஞ்சும் பாரத்துக்கு இறைவனின் திருவருளே மருந்து. அதைத் தேடும் உரிமை, முதல் மூன்றையும் செய்தவருக்கு முழுமையாக உண்டு. இந்நான்கையும் புதியவருக்குக் கற்பிப்பது மூத்த சாரதியின் கடமை. கைக்கொள்ள நேரமும் ஓய்வும் கொடுப்பது முதலாளியின் கடமை.